‘யவர’ பாட்டும் ஜூடோவும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ‘யவர’ என்ற ஜப்பானியப் பாட்டைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு போட்டிருந்தோம். ஜூடோவைப் போற்றிப் பாடகி மிசோரா ஹிபாரி பாடியது. அந்த அரைப் பக்கத்துக்கு நீலகிரியிலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பள்ளி ஆண்டு விழாக்கள் நெருங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். பாட்டுப் பற்றிய கேள்விகளுக்கு இசைப் பகுதியினரும், மற்றவற்றுக்கு ஜூடோ பயிற்சியாளர்களும் பதில் தருகிறார்கள்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் தோற்றுப்போனதற்கு ஆறுதலாக எழுதிய பாட்டு இது என்கிறார்களே, நிஜமா?
— கல்லூரி மாணவி, குன்னூர்

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அந்த ஆண்டுதான். மொத்தம் நான்கு பிரிவுகள். எடைப் பிரிவுகள் மூன்றிலும் தங்கம் ஜப்பானுக்கே. எடை வரம்பே இல்லாத நான்காவது பிரிவின் இறுதிப் போட்டி அக்டோபர் 23 அன்று நிப்பொன் புடோகான் அரங்கில் நடந்தது. நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவை ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீடித்த ஆட்டத்தில் ‘கெசா-கதமே’ பிடியில் 30 விநாடி தரையோடு அமுக்கி வென்றார். குதித்துக்கொண்டு மெத்தைக்கு ஓடிவந்த தன் நாட்டு ரசிகர்களைக் கையைக் காட்டி கீசிங்க் தடுத்து நிறுத்தியது இன்றும் பேசப்படுகிறது.

இசைத்தட்டு வெளிவந்தது நவம்பர் 20. இடையில் நாலே வாரம். பாட்டு எழுதப்பட்டதோ அதே பெயருள்ள தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புப் பாட்டாக. ஆகவே தோற்றவருக்கு ஆறுதலாக எழுதினார்கள் என்று சொல்ல இடமில்லை. ஆனால் கேட்டவர்கள் அப்படிப் பொருத்திக்கொண்டதில் ஆச்சரியமும் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்போடு இறங்குகிறவன் அந்த நினைப்பாலேயே தோற்பான் என்றுதான் பாட்டே தொடங்குகிறது.

வரிகளை எழுதியவர் ஷினிச்சி செகிசாவா. காட்ஸில்லா படங்களுக்குத் திரைக்கதை எழுதியவரும் இவரே! இசை மசாவோ கோகா. விற்பனை பத்து லட்சம் தட்டுகளைத் தாண்டியது. 1965-ல் ஜப்பான் ரெக்கார்ட் விருது கிடைத்தது. 1964, 1965 இரண்டு ஆண்டும் வருடக் கடைசி இரவின் ‘கோஹாகு’ நிகழ்ச்சியில் ஹிபாரி இதே பாட்டைத்தான் பாடினார்.

எங்கா என்பது ராகமா, பாட்டு வகையா? நம் சங்கீதத்தில் எதற்கு ஈடு?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஊட்டி

ஜப்பானியப் பாட்டு வகை. ‘யவர’ வெளியானபோது அதை யாரும் எங்கா என்று சொல்லவில்லை. பொதுவாகத் திரைப்பாட்டு, மேடைப்பாட்டு எல்லாவற்றுக்கும் இருந்த ‘கயோகியொகு’ என்ற பெயரில்தான் அதுவும் அடங்கியது. 1960-களின் கடைசியில்தான் எங்கா தனிப் பிரிவாக நிலைத்தது. பழைய பாட்டுகளையும் அப்புறம் அதற்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

ஸ்வர விஷயத்தில் எங்கா பெரும்பாலும் ஐந்து ஸ்வரக் கட்டு. இரண்டு வார்ப்பு உண்டு. ஒன்று ச ரி2 க3 ப த2 (எண் ஸ்வரத்தின் வகையைக் குறிக்கும்), அதாவது அப்படியே நம் மோகனம். மற்றது ச ரி2 க2 ப த1. சிவரஞ்சனியை எடுத்துக்கொண்டு சதுச்ருதி தைவதத்தை மட்டும் சுத்த தைவதமாக இறக்கினால் இது கிடைத்துவிடும். எங்காவின் அழுகை முக்கால்வாசி இந்த இரண்டாவது வார்ப்பில்தான் இருக்கிறது. ஒரு பாட்டு எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆதார ஷட்ஜத்தைத் தம்பூராப் பெட்டியில் ஒலிக்க விட்டு, காந்தாரம் எது, தைவதம் எது என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். மற்ற மூன்றும் பொது. நடுவில் ஒரு மத்திமமோ நிஷாதமோ எட்டிப்பார்த்தால் அதை வைத்து ராகத்தை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். அது வழிப்போக்கு ஸ்வரம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்துப் பழக்குகிறேன். மெட்டு சரி. ஆனால் மூலப் பாட்டோடு சேர்த்துப் பாடவிட்டால் வார்த்தைகள் முன்னும் பின்னுமாகப் போகின்றன. எங்கே தப்பு?
— பள்ளி இசை ஆசிரியை, கோத்தகிரி

தப்பு மாத்திரையில். தமிழில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானிய மொழியில் ஒற்றுக்கும் முழுசாக ஒரு மாத்திரை. ‘நிப்பொன்’ என்பதை நாம் இரண்டு அசையாகச் சொல்லி முடித்துவிடுவோம். அவர்களுக்கு அது நி–ப்–பொ–ன், நான்கு சம அடி. ‘ஜூடோ’வும் அப்படித்தான், ஜு–உ–டொ–ஒ என்று நான்கு. பிள்ளைகள் ஒற்றெழுத்தை அரை மாத்திரையில் தாண்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஒற்றுக்கும் அரை அடி முந்திக்கொண்டே போய், வரி முடியும்போது மூலப் பாட்டு பின்தங்கி நிற்கிறது.

சரிசெய்ய ஒரு வழி. வரிகளைத் தொடர்ச்சியாக எழுதாமல் கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு மாத்திரையாக எழுதச் சொல்லுங்கள். நெடிலுக்கு இரண்டு கட்டம், ஒற்றுக்கு ஒரு தனிக் கட்டம். இந்தப் பாட்டுக்கு மூன்று சரணம். ஒவ்வொன்றும் 7, 7, 7, 5 என்ற கணக்கில் இரண்டு முறை. ஓரிரு இடத்தில் ஏழு எட்டாகும், சரணத்தின் கடைசி ஐந்துக்கு முந்திய துண்டை இரண்டு தடவை பாடுவார்கள், அவ்வளவுதான். கட்டங்கள் இந்தக் கணக்குக்கு வரவில்லையென்றால் எழுதியதில் பிழை என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு மெட்டு இல்லாமல், கையால் தாளம் போட்டு, கட்டத்துக்கு ஒரு தட்டாக வாசிக்க வையுங்கள். பாடுவது அதற்கு அப்புறம்.

பாட்டின் பெயரே மூன்று குறில்தான்: ய–வ–ர. கடைசியில் ‘ரா’ என்று இழுக்க நம் நாக்கு துடிக்கும், விடாதீர்கள்.

இன்னொன்று, நமக்கு வசதியான ஒன்று. சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் ‘க’ உருபைப் பழைய தலைமுறைப் பாடகர்கள் மூக்கொலியாக உச்சரிப்பார்கள். ‘யுமெ க’ என்று எழுதியிருப்பது காதில் ‘யுமெ ங’ என்றுதான் விழும். ஆங்கிலத்தில் படித்துப் பாடுகிறவர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை. நம்மிடம் சும்மா கிடக்கும் ‘ங’ இங்கே உதவட்டும். சொல்லின் முதலில் வரும் ககரத்துக்கு மட்டும் இந்த மூக்கொலி கிடையாது.

என் மகள் ஆறு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். ‘யவர’ பாடினால் சுருதி, தாளம் எல்லாம் சுத்தம். ஆனால் எங்கா மாதிரியே இல்லை. என்ன குறைகிறது?
— குடும்பத் தலைவி, வெலிங்டன்

குறைவதைவிடக் கூடுவதுதான் பிரச்சினை. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நம் கம்பிதத்தில், ஸ்வரத்தைத் தொட்ட கணமே அசைவு தொடங்கிவிடுகிறது. எங்காவில் நீண்ட ஸ்வரத்தை முதலில் அசையாமல் நேர்கோடாகப் பிடிக்க வேண்டும். பாதி நீளம் தாண்டிய பின்தான் அலை வரலாம். அதுவும் முதலில் மெல்ல, பிறகு விநாடிக்கு ஐந்தாறு அலை என்ற சீரான வேகத்தில். தொடக்கத்திலேயே அசைத்துவிட்டால் ஹிபாரியின் பாட்டில் இருக்கும் விறைப்பு கரைந்துவிடும்.

‘கொபுஷி’ என்ற அலங்காரம் வேறு. ஸ்வரத்தின் மேல் அண்டை ஸ்வரத்தை ஒரு கணம் உரசிவிட்டுத் திரும்பும் சுழிப்பு. வேகமாக உருட்டிப் பாடும் நம் பிருகாவில் ஒரே ஒரு துண்டை வெட்டி எடுத்தால் எப்படியோ, அப்படி. ஒரு வரிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பிருகா கைவந்த பிள்ளைகள் ஒன்பது போடுவார்கள். போட்டால் திறமை தெரியும், பாட்டு போய்விடும். மூன்றாவது ‘ஷகுரி’. கீழிருந்து வழுக்கி ஸ்வரத்துக்கு ஏறுவது. ஜப்பானியக் கரோகே இயந்திரங்கள் மதிப்பெண் போடும்போது இந்த மூன்றையும் தனித்தனியே எண்ணுகின்றன. மதிப்பெண்ணுக்காக இறைத்தவர்கள் பாடுவதைக் கேட்டாலே தெரியும்.

பயிற்சி: முதல் வாரம் அலங்காரம் ஒன்றுமில்லாமல், ஆர்மோனியக் கட்டையை அழுத்தினாற்போலப் பாடட்டும். அடுத்து வரிகளின் கடைசி ஸ்வரத்துக்கு மட்டும் அலை. அதற்குப் பின் கொபுஷி, எந்த எழுத்தில் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு. வேறு இடத்தில் வந்தால் நிறுத்தித் திரும்ப ஆரம்பிக்கட்டும்.

சத்தத்தின் அளவும் முக்கியம். வீரப் பாட்டு என்று நினைத்து முதல் வரியிலேயே முழு மூச்சையும் கொட்டிவிடுகிறார்கள். முதல் சரணம் நெஞ்சுக்குள் வைத்த கனவைப் பற்றியது. இரண்டாவதில் அந்த வீரன் ஒரு ராத்திரியாவது சாதாரண மனுஷனாகக் காதலை நினைத்துக் கண்ணீரை அடக்குகிறான். மூன்றாவதில்தான் நடப்பதும் நிற்பதும் படுப்பதும் எல்லாம் இந்த ஒரே வழி என்று முடிந்து பொழுது விடிகிறது. ஆக, இரண்டாவது சரணம் மற்ற இரண்டையும்விடத் தணிந்து வர வேண்டும். முதலிலேயே உச்சிக்குப் போனவர்களுக்கு இறங்க மனம் வராது, ஏறவும் இடம் இருக்காது. பலத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு பாடுவது, சொல்லப்போனால், ஜூடோக்காரர்கள் பிடி போடுகிற மாதிரிதான்.

கரோகே டிராக் என் குரலுக்கு உயரமாக இருக்கிறது. கீ எத்தனை குறைப்பது? கூடவே நண்பர் புல்லாங்குழல் வாசிக்கிறார். வீட்டில் சேர்கிறது, மேடையில் சேரவில்லை.
— வங்கி ஊழியர், ஊட்டி

கரோகேயில் ஒரு கீ என்பது அரை ஸ்வரம். நம் சுருதிக் கணக்கில் ஒன்றரைக் கட்டையிலிருந்து இரண்டுக்கு ஒரு படி, இரண்டிலிருந்து இரண்டரைக்கு ஒரு படி. மூன்றிலிருந்து நான்குக்கும் ஒரே படிதான், நடுவில் மூன்றரை கிடையாது. இதை மறந்து கணக்குப் போட்டால் ஒன்று தவறும். பாட்டின் உச்ச ஸ்வரம் எங்கே வருகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலின் எல்லைக்கு ஒரு முழு ஸ்வரமாவது கீழே அது விழும்வரை குறையுங்கள். அதற்குப் பின் அடி ஸ்வரம் கேட்கிறதா என்று பாருங்கள். மைக்கில் காற்று மட்டும் வந்தால் அதிகமாக இறக்கிவிட்டீர்கள்.

குழல் விஷயம் குளிர் செய்யும் வேலை. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்வதால் குழலின் சுருதி இறங்கும். 25 டிகிரியில் சேர்ந்த குழல் 10 டிகிரியில் ஏறக்குறைய கால் ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்கும். டிராக்குக்குக் குளிராது! மேடைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் குழலைத் துண்டில் சுற்றி உடம்போடு வைத்திருந்து, பிறகு சத்தம் வராமல் உள்ளே மூச்சை ஊதிச் சூடேற்றச் சொல்லுங்கள். கிடார், மாண்டலின் கம்பிகள் நேர் எதிர். குளிரில் இறுகிச் சுருதி ஏறும், மேடை விளக்குச் சூட்டில் இறங்கும். அவற்றை மேடையிலேயே கால் மணி நேரம் வைத்திருந்து அப்புறம் சுருதி சேருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து பாட வருகிறவர்கள் இருந்தால் முந்தின நாளே மேலே வரச் சொல்லுங்கள். ஊட்டி 2240 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. கீழே ஒரே மூச்சில் முடித்த வரி இங்கே முடியாது.

பள்ளி விழாவில் இதைப் பாட அனுமதி வேண்டுமா?
— உதவித் தலைமை ஆசிரியர், கூடலூர்

இசையமைப்பாளர் 1978-லும் பாடலாசிரியர் 1992-லும் காலமானார்கள். பதிப்புரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் பாடி, பார்ப்பவர்கள் பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெற்றோரும் மட்டும் என்றால் இந்தியச் சட்டம் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டாலோ, பதிவுசெய்து இணையத்தில் ஏற்றினாலோ அந்த விலக்கு உதவாது.

பாட்டு ஓடும்போது பின்னால் எங்கள் மாணவர்கள் ஜூடோ செய்துகாட்டினால் நன்றாக இருக்கும் என்று நிர்வாகம் விரும்புகிறது. விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. தாளத்துக்குத் தாளம் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடலாமா?
— உடற்கல்வி ஆசிரியர், குன்னூர்

கூடாது. தாளத்துக்காக எறிகிறவன் எதிராளியின் நிலையைப் பார்க்க மாட்டான். விழுகிறவன் தயாராகும் முன்பே அடி வந்துவிடும்.

முதலில் விழக் கற்பது, ஜூடோவில் ‘உகெமி’. புதிய மாணவர்களுக்கு முதல் ஒரு மாதம் இது மட்டுமே. பின்பக்கம் விழும் முறை: குந்தி உட்காருங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கண் பெல்ட்டின் முடிச்சைப் பார்க்கட்டும். கைகள் முன்னால் குறுக்காக. பிட்டம் குதிகாலுக்கு அருகே தரையைத் தொடும்படி உருண்டு, முதுகு பதியும் அதே நேரத்தில் இரண்டு கைகளையும், முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை முழுக்க, உடம்பிலிருந்து 30 முதல் 45 டிகிரி தள்ளித் தரையில் அறைய வேண்டும். அறைவதால் வேகம் பரவுகிறது. அதைவிட முக்கியமாக, கை பின்னால் ஊன்றப் போகாமல் இருக்கிறது.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். கண் கூரைக்குப் போனால் தாடை விலகி மண்டை தரையில் படும். கையைத் தோளுக்கு நேராக அகட்டினால் தோள்மூட்டு வாங்கும். பயந்து கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும். மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது. குந்திய நிலையில் சரியாக வந்த பின்னரே நின்ற நிலையில்.

எறிவித்தையில் ‘ஓ-கோஷி’ ஒன்று போதும். இடுப்பில் ஏற்றிச் சுழற்றி இறக்குவது. எறிபவர் எதிராளியின் சட்டைக் கையை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் விழுபவர் பக்கவாட்டில் பத்திரமாக இறங்குவார். ‘ஒசோதோ-காரி’ பார்க்கச் சுலபம், காலைத் தட்டிப் பின்னால் சாய்ப்பது. அதைத் தொடாதீர்கள். பின்மண்டை நேராகத் தரைக்குப் போகும் எறி அது. ஜப்பானியப் பள்ளிகளில் நேர்ந்த தலைக்காயங்களில் இந்த எறியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

மெத்தை: 2 மீட்டருக்கு 1 மீட்டர், 4 செ.மீ. தடிமன் உள்ள ஜூடோ மெத்தை. 6 மீட்டர் சதுரத்துக்கு 18 வேண்டும். செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்குங்கள், நான்கு மூலை ஒரே புள்ளியில் சேரக் கூடாது, அங்கேதான் விலகும். வழுவழு தரையில் மொத்தமாக நகரும், சுற்றி மரச்சட்டம் அடித்து இறுக்க வேண்டும். எறிவது நடு 3 மீட்டருக்குள் மட்டும். ஸ்பாஞ்ச் மெத்தை போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கால்விரல் புதைந்து, உடம்பு திரும்பும்போது முழங்கால் திரும்பாது. மூடுபனி நாளில் மெத்தையின் மேல் ஈரம் படியும், உலர்ந்த துணியால் துடைத்த பின்தான் ஏற வேண்டும். நம் குளிருக்கு உடம்பைச் சூடாக்க இருபது நிமிடம் தேவை. மேடைக்குப் பக்கத்தில் காத்திருக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம்.

இரண்டு மாதத்தில் இவ்வளவுக்கும் நேரம் இல்லையென்றால் வேறு நல்ல வழி இருக்கிறது: ‘ஜூ-நோ-காதா’. ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ அமைத்தது. மூன்று தொகுதி, தொகுதிக்கு ஐந்து அசைவு. தாக்குவதும் தவிர்ப்பதும் நிதானமாக நடக்கும், யாரும் கீழே விழுவதில்லை. அதனால் மெத்தையோ ஜூடோ உடையோ கூடத் தேவையில்லை. சாதாரண உடையில், மரத்தரையிலேயே செய்யலாம். முதல் தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாட்டு ஒலிக்கும்போது இருவரும் மண்டியிட்டு அசையாமல் இருக்கட்டும், சரணங்களுக்கு இடையில் வாத்தியம் மட்டும் வரும்போது அசையட்டும். இடையிசை போதவில்லையென்றால் பாட்டு முடிந்த பின் மௌனத்தில் செய்யட்டும். அதுவே எங்கள் விருப்பமும்.

பெண் பிள்ளைகள் இதில் சேரலாமா?
— பெற்றோர், கோத்தகிரி

ஏன் கூடாது? ஆண் வீரனின் குரலில் பேசும் இந்தப் பாட்டைப் பாடியவரே பெண். கொடோகான் ஜூடோப் பள்ளி 1882-ல் தொடங்கியது, பெண்களுக்கான பிரிவு 1926-ல் வந்தது. ஒலிம்பிக்தான் தாமதம். 1988-ல் காட்சிப் போட்டி, 1992-ல் பதக்கத்தோடு.

சிலம்பத்துக்கு இந்தப் பாட்டைப் பின்னணியாகப் போடலாமா?
— வாசகர், குன்னூர்

போடலாம், கம்புதான் கேட்காது. சிலம்பத்துக்குப் பறையும் உறுமியும் இருக்கும்போது எதற்கு இது?

பிள்ளையின் ஜூடோ சட்டையில் கருப்புப் புள்ளி விழுகிறது. எத்தனை துவைத்தாலும் போகவில்லை. மழைக்காலத்தில் காயவும் மாட்டேன் என்கிறது.
— தேயிலைத் தோட்டப் பணியாளர், கூடலூர்

அது பூஞ்சை. தடித்த பருத்தி நெசவு, சதுர மீட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல். வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் கழுத்துப் பட்டைக்குள் ஈரம் நிற்கும். மடித்து வைப்பதற்கு முன் அந்தப் பட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் காயவில்லை. உங்கள் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை வெயிலை நம்ப முடியாது. (குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அக்டோபரில் ஆரம்பிக்கும்.)

பயிற்சி முடிந்ததும் பையில் சுருட்டி வைக்காமல் அன்றைக்கே துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில்தான், வெந்நீர் பட்டால் சுருங்கும். கையை நீட்டினால் மணிக்கட்டு தெரிய ஆரம்பித்துவிடும், அப்புறம் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். முறுக்கிப் பிழியாமல், பெரிய துண்டில் சுருட்டி மேலே மிதித்தால் பாதி ஈரம் இறங்கும். இரண்டு சட்டைக்கைகளுக்குள்ளும் ஒரே மூங்கில் கழியை விட்டு, கைகள் விரிந்த நிலையில் கூரைக்குக் கீழே காற்று ஓடும் இடத்தில் மாட்டுங்கள். இரவு ஃபேன் போட்டுவிடுங்கள். அடுப்புக்கு மேல் தொங்கவிட்டால் புகை வாடை ஏறும், கழுத்துப் பட்டை மரம்போல் விறைக்கும்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து அலசி, வெயில் கண்ட நாளில் உள்பக்கம் வெளியே வரும்படி காயப் போடுங்கள். பழைய புள்ளி மங்கும், முழுக்கப் போகாது. பிளீச்சிங் பவுடர் வேண்டாம். நூல் இற்றுப்போய், எதிராளி பிடித்து இழுக்கும்போது தோள்பட்டைத் தையலில் கிழியும். நிறப் பெல்ட்டைச் சட்டையோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள், சாயம் இறங்கும்.